வேண்டாம் என்று சொன்ன சந்து

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். அந்தச் சந்து முழுக்க அங்கே மட்டும்தான் போனில் நெட் எட்டிப் பார்க்கும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள் காலையிலிருந்து அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

புதிதாக வந்த காண்ட்ராக்ட் கம்பெனி ஒரு உத்தரவு போட்டிருந்தது. பழைய ஆட்கள் எல்லாரும் போனில் முகத்தைக் காட்டி, பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பதிய வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதியாதவர்கள் திங்கட்கிழமை வரவே வேண்டாம். பதினொரு வருஷமாக அவள் துடைக்கிற தரை அது. இன்று சனிக்கிழமை, மணி மூன்று ஆகிவிட்டது.

திரையில் ஒரு வட்டத்துக்குள் அவள் முகம் தெரிந்தது. இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து அப்படியே நின்றுபோனது. ஒருமுறை ஐந்தாம் கேள்வி வரைக்கும் போய்விட்டாள். தரையில் ரத்தம் சிந்தினால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தது. அது தெரியாதா அவளுக்கு? விடையைத் தொடுவதற்குள் அறுந்துவிட்டது. நேற்றுப் பெரிய ரோட்டுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே நெட் கிடைத்தது, ஆனால் பின்னால் போகிறவர்களின் முகமும் தெரிகிறது என்று, ஆளில்லாத இடத்துக்குப் போகும்படி சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

"போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிங்கக்கா," என்றாள் துணி காயப்போட வந்த கீழ்வீட்டுத் தையல்காரி.

"தூக்கினா என் மூஞ்சி எங்கடி தெரியும்? தொட்டிதான் தெரியும்."

"தொட்டிக்காவது வேலை நிலைக்கட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவள் மறுபடி மணியைப் பார்த்தாள்.

கீழே கடப்பாரைச் சத்தம் கேட்டது. அவள் புருஷனுக்குக் கேபிள் பதிக்கக் குழி வெட்டுகிற வேலை. எந்தெந்தத் தெருவிலோ வெட்டிக்கொண்டிருந்தவன், இன்று சொந்தச் சந்திலேயே வெட்டிக்கொண்டிருந்தான். குழிக்குள் ஆரஞ்சு நிறக் குழாய் நீளமாகக் கிடந்தது. இவ்வளவு நேரம் இது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

"ஏங்க, இதுலதானே நெட்டு போகுது? நம்ம வீட்டுக்கு ஒண்ணு இழுத்துக் குடுக்கச் சொல்லுங்களேன். அரைமணி நேரம் போதும்."

அவன் முழங்கையால் நெற்றியைத் துடைத்தான். "வெட்டுறதும் மூடுறதும்தான் என் வேலை. சாரைக் கேட்டுப் பாரு."

மேற்பார்வையாளர் நல்ல மாதிரிதான். வீட்டு நம்பரைக் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த பெரிய போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"பதினாலாம் நம்பரா? இந்தச் சந்துல யாருக்கும் கனெக்‌ஷன் கிடையாதும்மா. இது பின்னாடி அடுக்குமாடிக்குப் போகுது. போன வருஷம் வீடு வீடா வந்து கேட்டாங்களே! முப்பத்தொரு வீட்டுலயும் வேணாம்னு சொல்லியிருக்கீங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. நீலப் பை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவள் சந்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே, இடிப்பதற்கு வீடுகளை எண்ணுகிறார்கள் என்று பேச்சு பரவிவிட்டது. பட்டியலோடு வந்தவர்கள் அதுவரை வேறு எதற்கு வந்தார்கள்? பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், ஆளை விடும்மா," என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தியவள் இவள்தான். இவளைப் பார்த்துத்தான் மற்றவர்களும் சொன்னார்கள். அன்று சாயங்காலம் எல்லாரும் இவளை மெச்சினார்கள்.

"தெரியாம சொல்லிட்டோம் சார். வீட்டை இடிக்க வந்தாங்கன்னு நெனச்சோம்."

"புரியுதும்மா. இப்பக்கூட வேணும்னு எழுதிப் போடலாம். அடுத்த வருஷம் பாப்பாங்க."

"எங்க சார் எழுதிப் போடணும்?"

அவர் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தார். "நெட்லதான்மா."

அவள் மறுபடி மாடிக்கு ஏறினாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒன்பதாம் கேள்வி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டாள். திரை வெள்ளையாகிப்போனது. மறுபடி முகம் வந்தபோது, பதிவுக்கான நேரம் முடிந்தது என்றது.

கீழே வந்தாள். புருஷன் பதினாலாம் நம்பர் வாசலுக்கு நேரே மண் தள்ளிக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா?" என்று நிமிராமலே கேட்டான்.

"முடிஞ்சுது."

அவன் கை ஒரு கணம் நின்றது. சார் பார்த்துக்கொண்டிருந்தார், மண்வெட்டி மறுபடி நகர்ந்தது. வாசற்படியெல்லாம் மண் சிதறிக் கிடந்தது. அவள் கதவுக்குப் பின்னாலிருந்த துடைப்பத்தை எடுத்து வந்து, படியிலிருந்த மண்ணைக் கூட்டி, ஆரஞ்சுக் குழாயின் மேல் தள்ளினாள்.