பின்சுவர் உபயம்

1.

இந்தக் கதை ஒரு தூக்கத்தில் பிறந்தது. கள்ளக்குறிச்சியில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓர் அரங்கில் நூல் வெளியீட்டு விழா. பேச்சாளர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பின்சுவரில் முட்டித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. நடுநடுவே ஏர் ஹாரன் வேறு. ஒன்றும் புரியாததால் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். விழித்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியிடப்பட்டது என்னுடைய நூல் என்பதால் நானும் எழுந்து கும்பிட்டேன்.

இப்படிப்பட்ட அரங்கைச் சரிசெய்ய ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். நிஜத்தில் எனக்கு அந்த அதிகாரம் இல்லை. கதையில் உண்டு.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்பிலிருந்து இறங்கி, பள்ளத்தாக்கைப் பார்த்து அவள் தன் பெயரைக் கத்தினாள். மலை அதை—'

வேண்டாம். எதிரொலி என்றதும் மலைக்கு ஓடுவது சோம்பேறித்தனம்.

இரண்டாவது: 'ஒலியியல் என்பது—' (இதையும் விடுங்கள். மறுபடி தூங்கிவிடுவேன்.)

மூன்றாவது: 'அரங்கின் நடுவில் நின்று கோகிலவாணி கைதட்டினாள்.'

இது பரவாயில்லை.

3.

கோகிலவாணி சங்கராபுரத்துக்காரி. சென்னையில் கட்டடக்கலை படித்து, அரங்குகளில் ஒலியை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கற்றவள். தனியாக எடுத்துச் செய்யும் முதல் வேலை இது. (ஒலி வேலைக்காரிக்குக் குயிலின் பெயரா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஒரு வரைவில் ஜெயசுதா என்று மாற்றிப் பார்த்தேன். ஜெயசுதா வேலைக்கே வரவில்லை.)

வெளிச்சத்தத்தை அவள் சுலபமாக அடக்கிவிட்டாள். வாசலில் ஒரு கதவுக்குப் பதில் இரண்டு கதவு, நடுவில் கொஞ்சம் இடைவெளி, விளிம்பெல்லாம் ரப்பர். பேருந்துகள் வெளியிலேயே கத்திக்கொண்டு கிடந்தன. உள்ளே இருந்த சத்தம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவள் கைதட்டினால் பின்சுவரும் பதிலுக்குத் தட்டியது. அந்தச் சுவர் முழுக்கப் பளபளவென்று கருங்கல், அதில் தங்க எழுத்தில் 'உபயம்'.*

* கோயில் டியூப்லைட்டிலேயே வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுகிறவர்கள் நாம். முழுச் சுவர் கிடைத்தால் விடுவோமா?

கல்லை மூடினால் அரங்கு பிழைக்கும். சரிசெய்த அரங்கின் திறப்பு விழாவுக்குக் கூத்து வைத்திருந்தார்கள். மூடாவிட்டால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சொல்லும் நகைச்சுவை ஒன்றும் யாருக்கும் விளங்காது. 'அந்தப் பொண்ணு வேலை சரியில்ல' என்று ஊரே சொல்லும். பிறகு யார் அவளைக் கூப்பிடுவார்கள்?

4.

கல்லை வைத்தவர் தெய்வசிகாமணி, கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர். முதலில் இவருக்குப் பெரிய மீசையும் கொடிய மனமும் கொடுத்திருந்தேன். மீசை ஒட்டிக்கொண்டது. மனம் ஒட்டவில்லை.

"இன்னாம்மா இது, ஆசையா கல்லு வெச்சிருக்கேன். பஞ்ச வெச்சி மூட்றேன்றியே?"

"அந்தக் கல்லு சத்தத்தத் திருப்பி அடிக்குதுங்க ஐயா."

"கல்லுன்னா அடிக்கத்தாம்மா செய்யும்."

அவள் சுவரை மறுபடி அளக்கப் போனாள். அடுத்து என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியாததால் கதை சில நாள் அப்படியே நின்றது.

5.

பிறகு அவளுக்குத்தான் தோன்றியது. (எனக்குத் தோன்றியது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள்.) பலகையில் துளைகள் போட்டு, பின்னால் பஞ்சு அடைத்துச் சுவரில் பொருத்தினால், சத்தம் துளைக்குள் புகுந்து பஞ்சில் மாட்டிக்கொள்ளும். அந்தத் துளைகளைப் புள்ளிக் கோலம் மாதிரி பெயர் வடிவத்திலேயே போட்டால் என்ன?

"ஓட்டை ஓட்டையா எம் பேரா?" தெய்வசிகாமணியின் முகம் சுருங்கிவிட்டது. "ஊரு சிரிக்காதா?"

"பேரு பெருசா இருந்தா சத்தத்த ஜாஸ்தி முழுங்கும் ஐயா. உங்க பேரு பெருசுங்க."

அவர் கொஞ்சம் இளகினார். ஆனாலும் கல்லின் கீழ்வரியைக் காட்டி, "எம் பேரு மட்டும்னா சரிம்மா. அதுவும் கீதே" என்றார். அங்கே 'பச்சையம்மாள்' என்று இருந்தது. அவருடைய மனைவி.

(முந்தைய வரைவில் பச்சையம்மாளை இறக்கவைத்திருந்தேன். மனைவியின் நினைவுக்கல் என்றால் உங்கள் கண்ணில் நீர் தானாக வரும். ஆனால் அந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "எவன்டா என்னக் கொன்னது?" என்று கேட்டுவிட்டார்.)

6.

ஆகவே பச்சையம்மாள் உயிரோடு, இரண்டு கதவையும் தள்ளிக்கொண்டு அரங்குக்குள் வருகிறார். அவர் கரும்புக் கொல்லையில் நின்று கூப்பிட்டால் கோமுகி அணையில் குளிக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது ஊர்ப்பேச்சு.

"இன்னா, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு நிக்கிறீங்க?"

நிக்கிறீங்க, நிக்கிறீங்க, நிக்கிறீங்க என்றது சுவர். தெய்வசிகாமணி காதைப் பொத்திக்கொண்டார். "ஒருத்தியையே தாங்க முடியல!"

கோகிலவாணி விஷயத்தைச் சொன்னாள். "உங்க பேரு இருக்கற பலகதாம்மா சத்தத்த முழுங்கும்."

"நானா? நான் சத்தத்த முழுங்கறனா?" பச்சையம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். அரங்கும் கூடவே சிரித்தது. "ஏங்க, போடச் சொல்லுங்க. இந்த அதிசயத்த நான் பாத்தே ஆவணும். எம் பேர மேல பெருசாப் போடும்மா. இவரு கீழ இருக்கட்டும்."

"வூட்லதான் அப்டின்னா இங்கயுமா?" என்றார் தெய்வசிகாமணி. ஆனால் தலை ஆடிவிட்டது.

7.

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் திறப்பு விழாவின் நடுவில் பலகை விழுகிறது. இன்னொன்றில் மைக்செட் தமிழரசன், "எக்கோ இல்லாம எப்டிங்க?" என்று கருவியில் எக்கோவைத் திருகி, பாடுபட்டதையெல்லாம் வீணாக்குகிறான். இரண்டையும் கிழித்துவிட்டேன். கோகிலவாணி அவ்வளவு உழைத்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். திறப்பு விழா அன்று காலை, நாற்காலிகள் காலியாக இருந்தபோது, அவள் பச்சையம்மாளை மேடையில் ஏற்றினாள். தெய்வசிகாமணியைக் கடைசி வரிசையில், பலகையை ஒட்டி உட்காரவைத்தாள்.

"மைக்கு இல்லாம, மெதுவா ஏதாவது பேசுங்கம்மா."

"மெதுவாவா? அது எப்டிம்மா?"

இருந்தாலும் முயன்றார். தூரத்தில் மீசையோடு உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

தெய்வசிகாமணி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "சீ, அந்தப் பொண்ணு நிக்குதில்ல" என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பும் மேடைவரை தெளிவாக வந்தது. கோகிலவாணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பச்சையம்மாள் சொன்னது எனக்கும் ஓர் எழுத்து பிசகாமல் கேட்டது. ஆனால் அது எனக்காகச் சொன்னதில்லை, எழுத மாட்டேன். இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறாரோ, அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள். கத்த வேண்டியதில்லை.

"ஏங்க, .............................................."