விளக்கு கெட்ட நேரம்

இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று பத்துக் கட்டளைகளில் எங்கும் சொல்லப்படவில்லை. செசிலி அதையும் சேர்த்தே கடைப்பிடித்து வந்தாள். ஐப்பசி மாதம் கிழக்கே மலைப்பக்கம் லேசாக ஒரு உறுமல் கேட்டால் போதும். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, மருமகளின் கம்ப்யூட்டர் என்று வீடு முழுக்க ஓடி ஓடிப் பிடுங்குவாள். அதற்கப்புறம்தான் ஜெபமாலையைக் கையில் எடுப்பாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவளுடைய தம்பி இதே இனயம் ஊர்க் கரையில் கம்பவலை இழுத்துக்கொண்டு நின்றபோது இடி விழுந்து செத்தவன்.

அன்றைக்கு மத்தியானமும் உறுமியது. செசிலியும் பிடுங்கினாள். பிடுங்கியதில் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியின் பிளக்.

மருமகள் ஜெமி அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "மாமி, அதத் தொடாதீங்கோ!" என்று அவள் கத்திக்கொண்டு ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சோப்புப் பெட்டி அளவுள்ள அந்தச் சாமான் அந்நேரம் தன் பழைய மென்பொருளை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டிருந்தது. பாதி அழித்து பாதி எழுதின நேரத்தில் கரண்ட் போனால் அதற்குத் தான் யாரென்றே தெரியாமல் போகும். அடிக்கடி மக்கர் பண்ணுகிறதே, புதிய பதிப்பு போட்டால் சரியாகும் என்று நினைத்து ஜெமிதான் அந்த வேலையைத் தொடங்கியிருந்தாள். வானத்தைப் பார்த்துத் தொடங்கியிருக்கலாம். புத்தி எப்போதும் பின்னால்தானே வரும்?

அந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் மென்பொருள். ஜெமி மைக்கில் பேசினால் அந்தப் பேச்சைப் பெட்டி மொட்டைமாடிக் கம்பத்தின் வழியாக மலையுச்சிக் கம்பத்துக்கு அனுப்பும். அங்கிருந்து வயர்லெஸ்ஸில் ஆழ்கடலில் கிடக்கும் வள்ளங்களுக்குப் போகும். பெட்டி இல்லையென்றால், கையில் பிடித்துப் பேசும் சின்ன வயர்லெஸ்ஸான கைச்செட்டில் எவ்வளவு கத்தினாலும் கண்ணுக்கெட்டிய தூரத்தைத் தாண்டாது.

அதைவிட மோசமானது வள்ளக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. முதலில் ஜெமி தினமும் காற்று நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் தொந்தரவு என்று எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். கடைசியில் அவள் கணவன் சிஜோதான் ஒரு வழி சொன்னான். "ஏட்டி, காத்து வருதுன்னா மட்டும் நீ மிண்டினா போதும். நீ மிண்டல்லேன்னா ஒண்ணும் இல்லன்னு நாங்க நினைச்சுக்கிடுவோம்." அன்றிலிருந்து அவள் பேசாமல் இருந்தால் கடல் நல்ல கடல் என்று அர்த்தம்.

பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. மீனவர் சங்கச் செயலாளர் ஞானசிங்.

"மக்கா, காத்து எச்சரிக்கை வந்திருக்கு. நல்ல பலமாட்டு அடிக்குமாம். இருட்டுறதுக்குள்ள எல்லாவனும் கரை ஏறணும். வேகம் விளிச்சுச் சொல்லிடு."

பெட்டியில் பச்சை விளக்கு கோழித்தூக்கம் போடுவதுபோல மினுங்கி மினுங்கி நின்றது. மைக்கை எடுத்து "இனயம் கரை, இனயம் கரை" என்று விளித்தாள். பதிலில்லை. கைச்செட்டில் விளித்தாள். பக்கத்துக் கடலில் ஒரு வள்ளம்கூட இல்லை, எல்லாம் தூரக் கடலுக்குப் போயிருந்தன. சிஜோவின் செல்போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. வாயைத் திறக்காமலேயே அவள் ஏழெட்டு வள்ளங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். கடல் நல்லா இருக்கு, போங்கோ, இன்னும் போங்கோ என்று.

பெட்டியைச் செய்துகொடுத்த விநாயகமூர்த்தி சென்னைக்காரர். நல்லவேளை, போனை எடுத்தார். இடி முழங்கியதையும் பிளக் போனதையும் கேட்டுப் பதறவில்லை.

"மேடம், உள்ள எழுப்பி விடுறதுக்குன்னு ஒரு குட்டி புரோகிராம் தனியா இருக்கு. அது உயிரோட இருந்தா பிழைச்சிடலாம். பெட்டிக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பிளக்கை எடுத்துட்டு, ஓட்டைக்குள்ள ஊசியால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கரண்ட் போடுங்க. லைட் என்ன ஆகுதுன்னு சொல்லுங்க. என்ன ஆகணும்னு நான் முன்னாடியே சொல்ல மாட்டேன். சொன்னா பதட்டத்துல இல்லாததும் தெரியும்."

ஜெமி தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கைக் கழற்றினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நாற்காலியில் வைத்தாள். அழுத்தினாள். செசிலி சுவிட்சைப் போட்டாள். விளக்கு இரண்டு தரம் மினுங்கியது.

"கெட்டுப்போச்சு சார்!"

"எது?"

"லைட்டு. அமுக்கினதும் கெட்டுப்போச்சு."

"இன்னொரு வாட்டி பண்ணிப் பாருங்க."

பண்ணினாள். "கெட்டேதான் கிடக்கு சார்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அங்க இடி இடிச்சுதுன்னு சொன்னீங்கல்ல? போர்டுல இறங்கியிருக்கும் மேடம். கொஞ்சம் ஒட்டிட்டு இருந்த உயிரும் இப்ப போயிருக்கு. லைட்டே கெட்டுப்போச்சுன்னா இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்கே வேற பெட்டி அனுப்புறேன்."

நாளைக்கு! நாளைக்கு யாருக்கு வேண்டும்? ஜெமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன. கரையில் நாலு பேர், கடலுக்குப் போகாமல் கிடந்த வள்ளங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரை அடிப்பது, எங்கே போய் முட்டுவது என்று தெரியாமல் அவள் மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க மோன நீங்களே கொன்னுட்டியளே மாமி!"

செசிலியின் முகம் வெளுத்துப்போயிற்று. நாற்காலியில் கிடந்த போனை எடுத்து வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"சாரே, கேளும். இடி விழல்ல. முழங்கத்தான் செய்தது. விழுறதுக்கு முன்னயே நான் கெடுத்திட்டேன்."

"பரவாயில்லம்மா. தெரியாமதானே கெடுத்தீங்க."

"தெரியாமலா? தெரிஞ்சுதான் கெடுத்தினேன்! எப்ப முழங்கினாலும் நான்தான் கெடுத்துவேன். டிவியக் கெடுத்துவேன், பிரிட்ஜக் கெடுத்துவேன். கெடுத்தாம இருந்தா எரிஞ்சுல்லா போவும்!"

விநாயகமூர்த்தி மெல்லக் கேட்டார்.

"அம்மா, டிவியைக் கெடுத்துட்டு அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ண? மழை விட்டா திருப்பியும் போடுவேன்."

"மேடம்!" விநாயகமூர்த்தி கத்தியதில் ஸ்பீக்கர் கரகரத்தது. "உங்க ஊர்ல கெடுக்குறதுன்னா அணைக்கிறதா?"

ஜெமி துள்ளி எழுந்தாள். "ஆமா சார். விளக்கு கெட்டுன்னா... அணைஞ்சுன்னுதான்."

"அடக் கடவுளே! அணையணும் மேடம், அணையறதுதான் வேணும்! அணைஞ்சா அது புது ஃபைலுக்குக் காத்துட்டு நிக்குதுன்னு அர்த்தம். நான் லைட்டே செத்துப்போச்சுன்னு நினைச்சுட்டேன்."

அழுவதற்கும் சிரிப்பதற்கும் நேரமில்லை. கம்ப்யூட்டரின் பிளக்கையும் திரும்ப மாட்டி, அதிலிருந்து ஒயரை எடுத்துப் பெட்டியில் செருகினாள். அவர் சொன்ன எண்களை அடித்தாள். இரண்டு தரம் தப்பாக விழுந்தது. மூன்றாவது தரம், ஊக்கை அழுத்தி, விளக்கு கெட்டதும் விட்டு, ஃபைலை அனுப்பினாள். பெட்டி வாங்கிக்கொண்டது.

"இப்ப எழுத ஆரம்பிச்சிருக்கும். விளக்கு நின்னு எரியுற வரைக்கும் கரண்ட் போகக் கூடாது. இந்த வாட்டி போச்சுன்னா நான் வந்தாலும் எழுப்ப முடியாது."

தெருவில் கரண்ட் அப்போதே போய்விட்டிருந்தது. இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது. மழை மொட்டைமாடியில் கொட்ட, வீட்டு உச்சியிலேயே ஒரு இடி வெடித்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன. செசிலியின் கை தானாகப் பிளக்குக்குப் போனது.

"மாமி!"

கை பிளக்கைப் பிடித்தது. ஆனால் பிடுங்கவில்லை. உள்ளங்கையால் அதைச் சுவரோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றாள். அடுத்த இடிக்கு உடம்பு முழுக்கக் குலுங்கியது. தம்பியின் பேரைச் சொல்லி அழுதாள். கையை எடுக்கவில்லை.

விளக்கு மினுங்கியது, கெட்டது, திரும்ப மினுங்கியது. பிறகு நின்று எரிந்தது.

ஜெமி மைக்கைப் பறித்தாள். "இனயம் கரை பேசுது. காத்து வருது. எல்லா வள்ளமும் இப்பமே கரைக்குத் திரும்பணும். கேக்குதா? கேக்குதா?"

இரைச்சல். பிறகு ஒரு குரல், அதன்பின் இன்னொன்று. ஒவ்வொரு வள்ளமாகப் பதில் வந்தது. சிஜோவின் வள்ளம் மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் விளித்தாள். திரும்பவும் விளித்தாள். தொண்டை கட்டிப்போகும்வரை விளித்தாள்.

"ஏட்டி, கேக்குது, கேக்குது. எதுக்குக் கிடந்து கத்துகே?" எங்கோ ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல சிஜோவின் குரல் வந்தது. "நீ மிண்டல்லேன்னுட்டு இன்னும் வெளிய ஓடிட்டோம். வலை இப்பத்தான் விட்டோம். இழுத்துட்டு வாறோம்."

"இழுக்காண்டாம். அறுத்துப் போட்டுட்டு வாங்கோ."

"புது வலையாக்கும் ஏட்டி!"

படிக்கட்டுக்குக் கீழேயிருந்து, பிளக்கிலிருந்து கையெடுக்காமல், செசிலி அலறினாள். "அறுத்துட்டு வாலே!"

சிஜோ தணிந்த குரலில் சொன்னான். "செரி அம்மா. அறுக்கேன்."

இருட்டிய பிறகும் வள்ளங்கள் ஒன்றொன்றாக வந்தபடி இருந்தன. சிஜோவின் வள்ளம்தான் கடைசி. கரையில் மோதியதில் அதன் முன்மூக்கு, அணியம், உடைந்திருந்தது. ஆட்கள் முழுசாக இருந்தார்கள். ஜெமி கடற்கரைக்கு ஓடி அவனை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, நனைந்த சேலையோடு வீட்டுக்குத் திரும்பி ஓடி வந்தாள்.

செசிலி அதே இடத்தில் நின்றிருந்தாள். இடியெல்லாம் எப்போதோ கடலைத் தாண்டிப் போய்விட்டது. கை மட்டும் பிளக்கின் மேலேயே இருந்தது, விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"எல்லாவனும் கரை ஏறியாச்சா மோளே?"

"ஏறியாச்சு மாமி. ஒங்க மோனும் வந்தாச்சு."

செசிலி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பிள்ளையைப் போல மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, இனி கெடுத்தலாமா?"

ஜெமி அவள் பக்கத்தில் போய் நின்றாள். அந்த விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொண்டாள்.

"கெடுத்துங்கோ மாமி."