ரெண்டு ஆட்டுக்கு இருபத்தெட்டுப் புள்ளி

கல்லடி அழகரத்தினம் சேருக்கு அறுபத்தொரு வயதில் பிடித்த பைத்தியம் வீடியோ கேம். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு எது பிடித்தாலும் முழுசாகத்தான் பிடிக்கும். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் வீட்டோடு கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று மகள் விதுர்ஷா கனடாவிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டியை அனுப்பி வைத்தாள். முழங்கால் சுகமாகிவிட்டது. மனிதர் கதிரையை விட்டு எழும்புகிற மாதிரித் தெரியவில்லை.

விளையாடுவதோடு நின்றிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. அடுத்து எதை வாங்கலாம் என்று இணையத்தில் மற்றவர்களின் விமர்சனங்களைப் படிக்கத் தொடங்கினார். அங்கேதான் சனி பிடித்தது. எல்லாவற்றுக்கும் பத்துக்கு ஒன்பது! குதிரை போய்ச் சுவருக்குள் செருகி நிற்கிற விளையாட்டுக்கும் பத்துக்கு ஒன்பது!

"விடைத்தாளத் திறந்தே பாக்காமப் போட்ட புள்ளி இது!" என்று மனைவி புஸ்பத்திடம் கத்தினார். புஸ்பம் மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். யாருடைய விடைத்தாள் என்று அவள் கேட்கவுமில்லை.

சேர் இருபத்திரண்டு வருடம் சாதாரண தரப் பரீட்சைக்கு விடைத்தாள் திருத்தியவர். அப்படிப்பட்ட ஆள் வேறென்ன செய்வார்? கோடு போட்ட தாளை எடுத்துவைத்துப் புள்ளித்திட்டம் போட்டார். கட்டுப்பாட்டுக்கு இருபத்தைந்து, கதைக்கு இருபது, படத்துக்குப் பதினைந்து, ஒலிக்குப் பத்து. நியாயத்துக்கு இருபது. நியாயம் என்றால், தோற்றது ஆடியவனின் பிழையாலா, விளையாட்டின் பிழையாலா என்பது. மிச்சம் பத்தும் கரண்டுக்கு. திடீரென்று கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, இல்லை முதலில் இருந்து மாரடிக்க வேண்டுமா? உலகத்தில் எந்த விமர்சகனும் இதற்குப் புள்ளி போட்டதில்லை என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. எழுபத்தைந்துக்கு மேலே போனால் ஏ. முப்பத்தைந்துக்குக் கீழே வந்தால் டபிள்யூ, பெயில்.

'கிழக்கு கேமர்ஸ்' என்ற முகநூல் குழுவில் தன் முடிவுகளை வெளியிட்டார். பொடியன்மாருக்கு ஒரே கொண்டாட்டம். "சேர், கருணைப் புள்ளி ஏதும் இல்லையா?" என்று காத்தான்குடி றிஸ்லான் கேட்டான். "மீளாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். புள்ளி குறையவும் கூடும்" என்று சேர் பதில் போட்டார். அந்தப் பதிலுக்கு அறுநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. ஞாயிறு பின்னேரம் ஆறரை மணிக்கு, கனடாவில் காலை ஒன்பதுக்கு, விதுர்ஷா அங்கிருந்து இணைவாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஆடுகள் மலை, பாலம், கூரை என்று ஏறிக் கடக்க வேண்டும். ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. சேர் சொல்வது 'ரெண்டு ஆடு'.

உள்ளதைச் சொன்னால், இந்த ஆடுகள் வருவதற்கு முதல் அப்பனுக்கும் மகளுக்கும் இடையில் பேச்சென்று பெரிதாக எதுவுமில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பேசியதெல்லாம் கணக்கும் புள்ளியும். கனடா போனபிறகு, "சாப்பிட்டீங்களா?" "ஓம்." "அங்க மழையா?" "ஓம். இந்தா அம்மாட்டக் குடுக்கிறன்." அவ்வளவுதான். ஆட்டைக் கட்டிக்கொண்டு விழத் தொடங்கிய பிறகுதான் அவள் சிரிக்கிற சத்தத்தையே சேர் கேட்டார். விழுகிற இடைவெளியில் அவள் வேலையிடத்து மேலதிகாரியைத் திட்டினாள், பனியில் சறுக்கி விழுந்ததைச் சொன்னாள், தனியாக இருக்கப் பயமாக இருந்த நாட்களையும் சொன்னாள். ஞாயிறு ஆறரை என்றால் சேர் ஆறு மணிக்கே முகம் கழுவிச் சட்டை மாற்றிவிடுவார். மகளுக்குத் தெரிவதென்னவோ திரையில் ஆடு மட்டும்தான்.

இவ்வளவும் இருந்தும், மனிதர் 'ரெண்டு ஆட்டை'யும் திருத்தினாரே! கட்டுப்பாடு ஏழு. கதை பூச்சியம். நியாயம் நான்கு. படம் ஆறு, ஒலி மூன்று. கரண்டுக்கு மட்டும் எட்டு. மொத்தம் இருபத்தெட்டு, டபிள்யூ. கீழே ஒரு குறிப்பும் எழுதினார்: "இருபத்தாறு மணித்தியாலம் விளையாடினேன். அவ்வளவும் வீண். யாரும் நேரத்தைப் பாழாக்க வேண்டாம்."

அந்தக் குழுவில் விதுர்ஷாவும் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் திருத்துகிறவனுக்கு எழுதியவனின் முகம் தெரியக்கூடாது என்று பழகிய மூளை, அதை யோசிக்கவே இல்லை.

சனிக்கிழமை ஒரு செய்தி வந்தது: "அப்பா, நாளைக்கு எனக்கு வேலை." அடுத்த சனியும் அதே செய்தி. மூன்றாவது கிழமை செய்தியும் வரவில்லை. சேர் சட்டை மாற்றிக்கொண்டு எட்டு மணி வரைக்கும் ஒற்றை ஆட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வேலையும் இல்ல, ஒண்டும் இல்ல" என்றாள் புஸ்பம். "அவள் எனக்கிட்ட அழுதவள். 'அப்பாக்கு என்னோட இருந்த நேரமெல்லாம் வீணாம்மா' எண்டு சொல்லி அழுறாள்."

"நான் விளையாட்டுக்குத்தானே புள்ளி போட்டன்!"

"ஆருக்குப் போட்டீங்களோ, கிடைச்சது அவளுக்கு. போங்க, போய்க் கூட்டிப் போடுங்க. என்ன பரீட்சைத் திணைக்களமா வந்து புடிக்கப் போகுது?"

தாளை எடுத்துவைத்து முதலில் இருந்து திருத்தினார். இருபத்தெட்டு. இன்னொரு தரம் கூட்டினார். இருபத்தெட்டேதான். 'யாரோடு விளையாடினேன்' என்று புதிதாக ஒரு நிரல் போட்டு ஐம்பது புள்ளி கொடுத்தால் என்ன? கோடு கூடக் கீறிவிட்டார். ஆனால் பேனா ஓடவில்லை. ஒரு பிள்ளைக்காகத் திட்டத்தை வளைத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? இப்படிக் கேட்டுக்கேட்டே முப்பது வருடம் ஓட்டிய மனுஷன். மகள் வேண்டும், புள்ளியும் பொய்யாகக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் சோறும் இறங்காமல் இரண்டு நாள் நடந்து திரிந்தார்.

மூன்றாம் நாள், கல்லடிப் பாலத்தில் போய் நின்றவர் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் திருத்தப் போவதற்கு முதல் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைப்பார்களே! 'எனது பிள்ளைகள் எவரும் இவ்வருடம் இப்பாடத்துக்குத் தோற்றவில்லை.' விதுர்ஷா பரீட்சை எழுதிய வருடம் அவரே விலகி வீட்டில் இருந்தார். கடவுளே, இது எப்படி மறந்துபோனது?

அன்று பின்னேரமே குழுவில் போட்டார்: "அறிவித்தல். 'ரெண்டு ஆடு' முடிவு ரத்துச் செய்யப்படுகிறது. அதில் ஒரு ஆடு எனது மகள். சொந்தப் பிள்ளை உள்ள தாளைத் திருத்தும் தகுதி எனக்கு இல்லை. இதை மறைத்தது எனது குற்றம். அந்த இருபத்தாறு மணித்தியாலமும் என் வாழ்க்கையில் நல்ல மணித்தியாலங்கள். அ. அழகரத்தினம்."

ஞாயிறு ஆறரைக்குத் திரையில் மற்ற ஆடு வந்து நின்றது.

"அப்பா."

"ஓம் மகள்."

"ரத்துச் செஞ்சிட்டீங்க, சரி. அப்ப இப்ப எத்தின புள்ளி?"

குசினி வாசலில் நின்ற புஸ்பம், கூட்டிச் சொல்லுங்க, கூட்டிச் சொல்லுங்க என்று இரண்டு கையாலும் சைகை காட்டினாள். சேருக்கு வாயில் பொய் வரவில்லை.

"இருபத்தெட்டுத்தான் புள்ள. புள்ளி சரி. போட்ட ஆள்தான் பிழை."

திரையில் மற்ற ஆடு ஒரு துள்ளுத் துள்ளியது.

"எனக்கும் இந்த ஆட்டக் கண்ணிலயும் காட்டப்படாதுப்பா" என்றாள் விதுர்ஷா. குரல் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. "முதல் நாளே பிடிக்கல்ல. உங்களுக்குப் பிடிச்சிருக்கு எண்டு நினைச்சுத்தான் ஒவ்வொரு ஞாயிறும் எழும்பி வந்தன்."

சேர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"அப்ப வேற ஏதும் விளையாடுவமா மகள்?"

"வேணாம்பா, இந்த ஆடே போதும். நீங்க முதல்ல பாயுங்க" என்றாள்.