எல்வேண்டும்

நகரமன்றத்தில் டைப்பிஸ்டுக்கு வாய் கிடையாது, விரல்கள் மட்டும்தான். கூட்டத்தில் யார் என்ன கத்தினாலும் அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போவார். அன்றைக்கு மட்டும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதிரே, பெரியவர்களுக்கு நடுவில், அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். உப்பு கொஞ்சம் கூடினாலும் விசாரணை வைப்பாள். கோடை வெயிலைச் சமாளிக்கத் திட்டம் தீட்டும் நகரமன்றக் குழுவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஓர் இடம், அதுவும் ஓட்டுரிமையோடு, என்று அறிவிப்பு வந்ததும் அவளுடைய பள்ளி அவளைத்தான் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவள் யார் மகள் என்று மட்டும் அங்கே மூச்சு விடக்கூடாது என்று அப்பாவும் மகளும் பேசி வைத்திருந்தார்கள். சிபாரிசில் வந்தவள் என்று எவனாவது சொல்லிவிட்டால் மானம் போய்விடுமே.

அவளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. போன கோடையில் பள்ளிக்கூடத்து பஸ் நிறுத்தத்தில் அவளுடைய தோழி வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தாள். அந்த நிறுத்தத்துக்கு இன்னும் ஒரு கூரை வரவில்லை. கூரை வாங்காமல் திரும்ப மாட்டேன் என்று தோழியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சுவரில் இருந்த திரையைப் பார்த்துப் பொறியாளர் வரைவைப் படித்தார். "முதலாம் கட்டத்தில், பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் நிழற்கூரை அமைக்கப்படலாம். சாலையோரங்களில் மரங்கள் நடப்படலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் அம்மா ஓட்டுக்கு விடப் போனார்.

"மேடம், அந்த 'லாம்' எனக்குச் சரியாப் படல" என்றாள் மகள்.

பொறியாளர் சிரித்தார். "அது சும்மா எழுதுற முறைம்மா. செய்யத்தானே போறோம்."

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார். நான் சின்ன வயசுலேருந்து நாய்க்குட்டி கேக்கறேன். எங்கப்பா 'பாக்கலாம்'னு சொல்வாரு. முடியாதுன்னு ஒரு தடவகூடச் சொன்னதில்ல. நாய்க்குட்டியும் வந்ததில்ல."

அறை கொல்லென்று சிரித்தது. டைப்பிஸ்ட் விசைப்பலகைக்குள் முகத்தைப் புதைக்காத குறை. வீட்டு வழக்கை இப்படிச் சந்திக்கு இழுத்துவிட்டாளே.

அவள் சிரிக்கவில்லை. "'லாம்'னா செய்யலேன்னாலும் தப்பில்லைன்னு அர்த்தம். என் ஃப்ரெண்டு பஸ் ஸ்டாப்ல மயங்கி விழுந்தா. அவகிட்டப் போய் நிழல் வரலாம்னு நான் எப்படிச் சொல்றது? 'வேண்டும்'னு போடுங்க. எதுக்குள்ளன்னு தேதியும் போடுங்க. தேதி இல்லேன்னா அதுவும் 'பாக்கலாம்'தான்."

"அப்படி எழுதினா நாளைக்கு நம்ம சட்டையப் பிடிச்சுக் கேப்பாங்களேம்மா" என்றார் பொறியாளர்.

"அதுக்குத்தான் சார் கேக்கறேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் அம்மா அடுத்த கோடைக்கு முன் என்று தேதி குறித்துவிட்டு, முதலில் தன் கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. மகள் கையைத் தூக்கிய வேகத்தில் நாற்காலியே ஆடியது.

"மாத்திடுங்க சார்" என்றார் தலைவர் அம்மா, டைப்பிஸ்டிடம்.

எத்தனை வருடமாக அந்த 'லாமை' அவர் யோசிக்காமல் அடித்திருக்கிறார். இன்றைக்கு அதை எடுக்கச் சொன்னவள் அவர் பெற்ற பெண். கண்ணில் நீர் கட்டி எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமையில்லாமல், 'லாம்' வரும் இடமெல்லாம் 'வேண்டும்' என்று மாற்றும்படி கணினிக்கு ஒரே கட்டளையாகக் கொடுத்துவிட்டார்.

சுவரில் கொட்டை எழுத்தில் வந்து நின்றது: "முதவேண்டும் கட்டத்தில், பேருந்து நிறுத்தங்களில் எல்வேண்டும் நிழற்கூரை அமைக்கப்படவேண்டும்."

"எல்வேண்டுமா?" தலைவர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க தப்பே விட மாட்டீங்களே சார். என்ன ஆச்சு?"

டைப்பிஸ்ட் எழுந்து நின்றார். பேசி வைத்ததெல்லாம் காற்றில் போனது. "சந்தோஷத்துல கை தவறிடுச்சு மேடம். அந்தப் 'பாக்கலாம்' அப்பா நான்தான்."

மேசையைத் தட்டி முதலில் சிரித்தவர் பொறியாளர்தான். "சிபாரிசுல வந்த பொண்ணுன்னு யாரும் சொல்ல முடியாது சார். உங்களையே போட்டுக் கொடுத்துட்டாளே" என்றார். டைப்பிஸ்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உட்கார்ந்து, 'எல்லாம்' என்பதையும் 'முதலாம்' என்பதையும் சரிசெய்து, தேதியையும் சேர்த்து, மற்ற 'வேண்டும்' எல்லாம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார்.

வெளியே பஸ்ஸுக்காக இருவரும் உச்சி வெயிலில் நின்றார்கள். அவர் தன் ஃபைலை அவள் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, அந்த நாய்க்குட்டி?"

"பா..." என்று வாய் தன்னால் திறந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினார். "வாங்கணும்" என்றார்.

குட்டி வக்கீல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தேதி போடுங்கப்பா."