ஒரு புள்ளிக்குள் ஒரு பள்ளத்தாக்கு

நான் சொல்வது முழுக்கச் சரியாக இருக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. கருவிகளைச் சோதித்த அன்று மழை பெய்தது என்கிறாள் அக்கா. என் நினைவில் வெயில் இருக்கிறது. கருவிப் பெட்டிகள் மூன்று என்பது நிச்சயம். திரையின் மூலையில் இருந்த நேரமும் நிச்சயம். மற்றதையெல்லாம் நினைத்து நினைத்தே தேய்த்துவிட்டேன்.

நில அளவைத் தலைமை அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தராக இருந்தேன். மற்றவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். நான் பேசவேண்டிய கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அளக்காமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு மலைப் பள்ளத்தாக்கு. சாலை முடிகிற இடத்திலிருந்து இரண்டு நாள் நடை. அங்கே சர்வேயர், என் அக்காவின் கணவர். பள்ளத்தாக்கின் வரைபடம் பதிவில் ஏறிய மறுநாளே அவருக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் என்று ஆணை இருந்தது. ஆறு வருடமாக வரைபடம் ஏறவில்லை. பழைய கருவிகளால் அளக்க, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அக்கா மகளுக்கு ஐந்து வயது. அப்பா என்றால் அவளுக்கு வருடத்துக்கு இரண்டு வாரம் வந்துபோகும் விருந்தாளி.

ஆகவே ஜி.பி.எஸ். வாங்குவதென்று முடிவாயிற்று. எப்படிப்பட்டது வேண்டும் என்று மாமா மலையிலிருந்து நான்கு பக்கம் எழுதியிருந்தார். டவர் கிடையாது என்பதால் போன் வழியாகத் திருத்தம் வாங்கும் கருவி உதவாது. இடம் தெரிந்த ஒரு கல்லின் மேல் ஒன்றை நிறுத்திவிட்டு, அதன் ஜோடியைக் கையில் எடுத்துப் போக வேண்டும், இரண்டும் ரேடியோவில் பேசிக்கொள்ள வேண்டும். பேட்டரி ஒரு முழுப் பகல் தாங்க வேண்டும். கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார்: ‘வானம் மறைந்த இடத்தில், தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் கருவியாக இருக்கட்டும்.’

கடிதத்துக்கு எண் போட்டுக் கோப்பில் வைத்தேன். தேர்வுக் குழுவில் யாரும் நான்காம் பக்கம்வரை போகவில்லை.

குழுவில் மூவர்: இயக்குநர், ஸ்டோர் கீப்பர், தலைமை வரைவாளர். கருவிகளைத் தொலைதூரச் சூழலில் சோதிக்க வேண்டும் என்பது விதி.

“ரெண்டு நாள் நடையா? என் முட்டி ஒத்துக்காதுப்பா,” என்றார் இயக்குநர்.

“எதுக்கு சார் நடக்கணும்? நம்ம ரெக்கார்டு ரூம் இருக்கே,” என்றார் ஸ்டோர் கீப்பர். “எட்டு வருஷமா ஒரு ஆள் எட்டிப் பாக்கலை. போன் எடுக்காது. வெளிச்சம் கிடையாது. கத்தினாலும் ஏன்னு கேக்க நாதி இல்லை. இதுக்கு மேல என்ன சார் தொலைதூரம்?”

“பாம்பு கீம்பு இருக்குமா?” என்றார் வரைவாளர்.

“இருந்தா நல்லதுதானே சார், சூழல் பொருந்தும்.”

ரெக்கார்டு ரூம் தரைக்குக் கீழே இருந்தது. முதல் கருவி இரண்டு தடவை கூவிவிட்டு அடங்கியது. இரண்டாவது, ‘செயற்கைக்கோள் இல்லை, நிலை தெரியவில்லை’ என்று காட்டியது. மூன்றாவதை விற்பனையாளர் அலுவலக வாசலிலேயே முடுக்கிக் கொண்டுவந்திருந்தார். அதன் திரையில் எண்கள் இருந்தன. அவை அசையவில்லை. இயக்குநர் அதைத் தூக்கிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே அந்தக் கோடிவரை போய்த் திரும்பினார்.

“பாருய்யா! நான் நடக்கறேன், அது ஆடலை. கடைசி இலக்கம்கூட ஆடலை.”

“மத்தது ரெண்டும் வானத்தைக் காட்டினாத்தான் வாயைத் திறக்குது. இது சொந்தக் கால்ல நிக்குது சார்,” என்றார் ஸ்டோர் கீப்பர்.

நான் குறிப்பெழுதக் குனிந்தபோது திரையின் மூலை கண்ணில் பட்டது. ‘கடைசியாகக் கிடைத்த நிலை, 10.42.’ என் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்றரை. அந்த எண்கள் இந்த அறையுடையவை அல்ல, வாசலுடையவை. நிமிர்ந்து விற்பனையாளரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

“சார்…” என்றேன்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல சார்.”

மூன்றாவதே தேர்வாயிற்று. ‘யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதித்த பொருள், சோதித்த நிலையிலேயே போய்ச்சேர வேண்டும். ரெக்கார்டு ரூமில் ஆண்டெனா மாட்டவில்லை. ஆகவே மலையிலும் மாட்டக் கூடாதென்று, ஸ்டோர் கீப்பர் ஆண்டெனாத் துளையிலும் பொத்தான்கள் மேலும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். முத்திரையை உடைத்தால் வேலை போகும்.

ஒரு மாதம் கழித்து மாமா போன் செய்தார். அதற்காக அரை நாள் மலையேறியிருந்தார்.

“மாப்ளே, என்னடா மெஷின் இது? ஆத்துல இடுப்பளவு தண்ணில நிக்கறேன், ஆபீஸ் கேட்டுல நிக்கறேங்குது. உச்சிக்கு ஏறினேன், அங்கயும் கேட்டுதான். செவிடன் காதுல சங்கு ஊதற மாதிரி இருக்கு.”

“முத்திரையை உடைச்சுடுங்க மாமா.”

“உடைச்சா ஊருக்கு வரலாம், உத்தியோகத்தோட வர முடியாது. சோதனையே தப்புன்னு யாராவது எழுதிக் கொடுத்தா போதும். நீதான் அங்க இருந்தியே, எதையாவது பாத்தியா?”

நான் பேசவில்லை. அவருடைய பக்கத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

“லைன் கட்டாயிடுச்சா?” என்றார். அதற்கும் நான் பேசவில்லை. “சரி, கேக்குதோ என்னமோ. நான் பாட்டுக்கு அளந்து அனுப்பறேன். அங்க யாருக்காவது கண்ணு இருக்கும்ல.”

அடுத்த நான்கு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கற்களை அளந்து அனுப்பினார். கருவி தவறு என்று ஒரு கடிதமும் இணைத்திருந்தார். அதற்கும் எண் போட்டேன். வரைவாளர் பெரிய தாளை விரித்து முதல் புள்ளியை வைத்தார். மிச்சமிருந்த இருநூற்றுப் பதினொன்றையும் அதன் மேலேயே வைத்தார், நேர்மையாக, ஒவ்வொன்றுக்கும் பேனாவை எடுத்து எடுத்து. தாள் ஓட்டையாகிவிட்டது. பரப்பு: பூஜ்யம்.

“இவ்வளவு புள்ளியில ஒரு மில்லிகூட விலகல் இல்லை. என் சர்வீஸ்லயே இப்படி ஒரு துல்லியம் பாத்ததில்லை,” என்றார் இயக்குநர். அவர் குரல் தழுதழுத்தது என்று நினைக்கிறேன்.

வரைபடம் பதிவில் ஏறியது. மாமா வந்துவிடுவார், நான் எதுவும் சொல்லத் தேவையிருக்காது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் வந்தது வேறொரு ஆணை. அளவுகளின்படி மேற்படி சர்வேயர் தலைமை அலுவலக வாசலிலேயே இருந்து வந்திருக்கிறார். தலைமை அலுவலகத்தில் இருப்பவரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்ற விதியில்லை. வாசலில் இருந்துகொண்டே வருகைப் பதிவேட்டில் ஏன் கையெழுத்திடவில்லை என்பதற்கு அவர் விளக்கம் தர வேண்டும். நகல், வீட்டு முகவரிக்கு.

மறுநாள் மதியம் அக்கா டிபன் கேரியரோடும் மகளோடும் வாசலில் நின்றாள். நான் இறங்கிப் போவதற்குள் காவலாளியோடு வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

“என் வீட்டுக்காரர் இங்கதான் நிக்கறாராம். சீல் போட்டு எழுதிக் கொடுத்திருக்கீங்க. நகருங்க, சாப்பாடு ஆறுது.”

இயக்குநரே கீழே வந்தார். “அம்மா, அது வந்து, ஆவணப்படி…”

“ஆவணப்படி நிக்கறவரு ஆவணப்படியே சாப்பிட்டுக்குவாரா சார்? கூப்பிடுங்க, வராரான்னு பாப்போம்.”

இயக்குநர் சத்தியமாகச் சுற்றுமுற்றும் பார்த்தார். சைக்கிள் நிறுத்தத்துப் பக்கம் இரண்டடி எடுத்தும் வைத்தார். அவருக்கு முன்னால் குழந்தை ஓடிவிட்டாள். ஒவ்வொரு சைக்கிளுக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தாள். “அப்பா ஒளிஞ்சிருக்காரா?” என்று என்னைக் கேட்டாள்.

“நீ ஏண்டா மரம் மாதிரி நிக்கறே? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றாள் அக்கா.

“பத்து நாப்பத்திரண்டு,” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. முழுவதும் சொன்னேன். சோதனையன்று கருவி உறைந்து கிடந்தது, அது வாசலின் எண், நான் அதைப் பார்த்தேன்.

“பாத்துட்டு ஏன்யா சொல்லலை? மறுப்பு இல்லைன்னு எழுதினது யாரு?” என்றார் இயக்குநர்.

“நான்தான் சார்.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அஞ்சு மாசம்டா,” என்றாள். பிறகு கேரியரை எடுத்துக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சோதனையில் குறை கண்டவரே மறுசோதனை செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. இந்தத் தடவை உண்மையான தொலைதூரத்தில், என் முட்டியோடு. இரண்டாவது கருவியை, அரக்கில்லாமல், ஆண்டெனாவோடு கொண்டுபோனேன். மாமா என்னைத் திட்டவில்லை. கல்லின் மேல் ஜோடியில் ஒன்றை எப்படி மட்டமாக நிறுத்துவது என்று மட்டும் காட்டினார். அது அடிக்கடி தெரியவில்லை என்றது. தெரியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பதினேழு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு கற்களும் தனித்தனி இடங்களில் விழுந்தன.

மாமா ஊருக்குப் போனார். இப்போது தலைமை அலுவலகத்தில் கருவிகளைச் சோதிக்கும் பொறுப்பு அவருடையது. அக்கா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறாள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். இயக்குநர் ஓய்வு பெற்றார். வரைவாளர் சென்ற வருடம் இறந்துபோனார். ஸ்டோர் கீப்பருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. குறிப்பில் உண்மையை மறைத்ததற்காக மாமாவின் இடத்தில் என்னைப் போட்டார்கள். பள்ளத்தாக்கில்தான் இருக்கிறேன்.