ஜோடி சேராத நடை

பெட்டி மறுபடியும் தட்டியது. முதுகுக்குப் பின்னால், குதிரைவண்டியின் பலகையில், இரண்டு முறை.

"கயிறு தளர்ந்திருக்கு," என்றான் அண்ணன், வாரைப் பிடித்தபடி.

கயிறு தளரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளே கட்டியது.

மணி நாலரை. கல்லறைத் தோட்டத்துக் கேட்டை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள். விட்டால் அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. அண்ணனுடைய லாரி எங்கோ மலைப்பாதையில் மாட்டிக்கொண்டதில் அப்பா ஏற்கெனவே இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் காத்திருந்தாயிற்று. வண்டி ஓட்டிய காலமெல்லாம் ஒரு சவாரிக்கும் தாமதமாகப் போகாத மனுஷன்.

கோளாறு கயிற்றில் இல்லை, குதிரைகளில். வலப்பக்கம் ஓடும் கருப்பன் எல்லாக் குதிரைகளையும் போல. முன் வலதும் பின் இடதுமாகக் குறுக்குக் கால்கள் இரண்டிரண்டாக விழும். உடம்பு எம்பி எம்பி இறங்கும். இடப்பக்கம் சிவப்பி வேறு இனம். பிறவியிலேயே நாலு குளம்பும் தனித்தனியாக விழும், முதுகு அசையாது. ஓடுகிறாளா வழுக்குகிறாளா என்று சந்தேகமே வரும். தனியாகப் பூட்டினால் ராணி. ஜோடியாகப் பூட்டினால் அவன் வெட்டி இழுப்பான், இவள் நீட்டி இழுப்பாள், நடுவிலிருக்கும் ஏர்க்கால் நாய்வாலாக ஆடும். அப்பா ஒருநாளும் இருவரையும் சேர்த்துப் பூட்டியதில்லை.

ரெண்டு குதிரை பூட்டினால்தான் அவருக்கு மரியாதை என்று காலையில் அண்ணன் சொன்னபோதே இதைச் சொல்லியிருக்கலாம். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

இரண்டு நாளைக்கு முன்பும் அப்படித்தான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லாயத்து வாசலில் உட்கார்ந்தபோது, வாசலில் வண்டி பூட்டித் தயாராக நின்றது. ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிஷம். அண்ணன் போனில் கத்தினான்: வண்டியில் போட்டுக் குலுக்கிக் கொன்னுடாதே, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, பேசாமல் இரு. பேசாமல் இருந்தாள். ஆம்புலன்ஸ் நாற்பதாவது நிமிஷம் வந்தது.

"இந்தச் சிவப்பி வேணும்னே பண்றா," என்று அண்ணன் வாரை இறுக்கினான். லாரி ஓட்டுகிறவனுக்கு இழுத்துப் பிடித்தால் பிரேக். சிவப்பிக்கு அதுதான் ஓடு என்ற உத்தரவு. கழுத்தைத் தூக்கி வழுக்கினாள். கருப்பன் பதறித் துள்ளினான். பெட்டி ஒரு சாண் நகர்ந்து அவள் இடுப்பில் இடித்தது.

"நிறுத்து."

"சும்மா உக்காரு. நேரமில்ல."

"நிறுத்துண்ணா. அப்பா விழுந்துடுவார்."

நிறுத்தினான். அவள் குதித்து இறங்கினாள். ஒற்றைக் குதிரைக்கான இரண்டு ஏர்க்கால்கள் எப்போதும் வண்டிக்கு அடியில் கட்டியிருக்கும். இருவருமாகக் கருப்பனை அவிழ்த்து, நடு ஏர்க்காலைக் கழற்றினார்கள். ஸ்பேனர் கையில் வழுக்கியது. நாலே முக்கால்.

கருப்பனைப் பின்னால் கட்டிவிடலாமே என்றான் அண்ணன். கட்டினால் சக்கரத்தில் காலை விட்டுக்கொள்வான், யாராவது பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்றாள். அத்தையும் மற்றவர்களும் வேனில் எப்போதோ போய்விட்டார்கள். நீண்ட தெருவில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்; சிவப்பியை ஓட்டத் தெரிந்தது அவளுக்கு மட்டும்.

"நான் இல்லாம மண்ணு போட்டுடுவீங்களா?" என்றான் அண்ணன்.

அவள் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் குரல் இறங்கியது. "அன்னிக்கு... வண்டியில பூட்டி நின்னது இவதானா?"

"ஆமா."

அண்ணன் சிவப்பியைப் பார்த்தான். அப்புறம் பெட்டியைப் பார்த்தான். கருப்பனின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"போ," என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்து வாரைக் கொஞ்சமே கொஞ்சம் இறுக்கினாள். தெரு பின்னால் நழுவியது. கடைகள், பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடச் சுவர். மேடும் பள்ளமுமான ரயில்வே கேட்டில்கூடப் பெட்டி மூச்சுவிடவில்லை. அவளால்தான் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

கேட்டில் காவலாளி சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய வாட்ச் வேகமாக ஓடுகிறது என்று அத்தை கால் மணி நேரமாக நிரூபித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாக இரண்டு நிமிஷம்.

"உள்ள ஓட்டிடும்மா, பூட்டணும்," என்றார் காவலாளி.

சிவப்பி உள்ளே போனாள். முன்சக்கரங்களும் போயின. பின்சக்கரங்கள் சரியாகக் கேட்டுக்கு நடுவில் வந்தபோது அவள் பிரேக்கை இழுத்தாள்.

"என்னாச்சு?"

"சக்கரம் மாட்டிக்கிச்சு."

காவலாளி குனிந்து ஒரு சக்கரத்தைப் பார்த்தார். சுற்றிவந்து அடுத்ததைப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எங்கேடி அவன் என்று கேட்க வாயெடுத்த அத்தையும் மூடிக்கொண்டாள்.

ஐந்து அடித்தது. ஐந்து பத்தும் ஆனது. காவலாளி இரண்டு முறை வாட்சைப் பார்த்தார்; மூன்றாவது முறை பார்க்கவில்லை.

தெருக்கோடியில் குளம்புச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டாக விழுகிற சத்தம். அதனுடன் சேராமல், முந்தியும் பிந்தியும், தார்ரோட்டில் ஒரு ஜோடி செருப்பு ஓடிவருகிற சத்தம்.

அவள் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.