கண்ணாடி மேல் கோழிக்குஞ்சு

சவப்பெட்டியின் கண்ணாடி மேல் லியோனிடா அரிசி தூவியபோது கோழிக்குஞ்சு வழுக்கிக்கொண்டு போய், சரியாகத் தம்பி ரொடேலின் முகத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டது. கொலையுண்டவனின் பெட்டி மேல் உயிருள்ள குஞ்சு நிற்க வேண்டும். அது கொத்தக் கொத்தக் குற்றவாளியின் மனசாட்சியில் குத்தும் என்று நவோடாஸ் மீன்பிடிக் கரையில் எல்லோரும் சொல்வார்கள். நான்கு நாளாக அதற்குத் தீனி வைப்பது அவள் வேலை. தம்பி உயிரோடு இருந்தபோது அவனுக்குச் சோறு போட்டவளும் அவள்தான், செத்த பிறகு அவன் கோழிக்குப் போடுகிறவளும் அவள்தான்.

அம்மா பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, அவன் தலைமுடியைக் கோதுவதுபோலக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள். லியோனிடாவுக்கு வயிறு எரிந்தது. செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரியும். தெரிந்தும் எரிந்தது. வீட்டில் பால்கெண்டை பொரித்தால் கொழுப்பான வயிற்றுத் துண்டு அவனுக்கு, வால் இவளுக்கு. படகு பேட்டரி ஒன்றைத் திருடிவிட்டு எட்டு மாதம் உள்ளே இருந்தானே, அப்போதும் ஞாயிறுதோறும் அந்த வயிற்றுத் துண்டு வாழையிலைக்குள் சுருண்டு சிறைக்குப் போனது. வால் வீட்டிலேயே இருந்தது.

வாசல் பந்தலில் துக்கத்துக்கு வந்தவர்கள் ஊர் வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மத்தியான ரேடியோச் செய்தியில், ஐஸ் ஆலை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட ரொடேல் சாந்தோஸ் மீது ஏற்கெனவே திருட்டு, போதைப்பொருள், கத்திக்குத்து என்று மூன்று வழக்குகள் இருந்ததாகப் படித்தார்கள். அதிலிருந்து சீட்டைவிட வாய்தான் அதிகம் ஆடியது.

"மூணா? எனக்கு அந்த பேட்டரி ஒண்ணுதான் தெரியும்," என்றார் வலை பின்னும் இஸ்கோ.

"இல்லாததையா ரேடியோவுல சொல்லுவாங்க? அவன் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறப்பவே நினைச்சேன்," என்றாள் பக்கத்து வீட்டு பாசிங். தர்ப்பூசணி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினாள்.

"அப்புறம் குஞ்சு எதுக்கு? சுட்டவன் ஊருக்கு நல்லதுதானே பண்ணியிருக்கான். அவன் மனசை எதுக்குக் கொத்தணும், பாவம். அடிச்சு சூப் வெச்சுடலாம்," என்றான் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த ஒருவன்.

சிரித்தார்கள். காப்பி கொண்டுவந்த லியோனிடாவின் கையைப் பாசிங் பிடித்துக்கொண்டாள். "உன்னை மாதிரி பொண்ணு பிறந்த வயித்துலயா இப்படி ஒருத்தன்? எவ்வளவு பொறுத்துக்கிட்டிருப்பே நீ."

முப்பத்து நான்கு வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லாதது. லியோனிடா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவள் தோள்பையில், நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

ரொடேலுக்குக் கப்பலில் சமையல் உதவியாள் வேலை கிடைத்திருந்தது. வழக்கு விவரச் சான்றிதழ் கேட்டார்கள். சாந்தோஸ்களுக்கு நாட்டில் பஞ்சமா? அதே பெயரில் இன்னொருவன் மேல் வழக்கு இருந்தாலும் கணினி 'ஹிட்' என்று காட்டும். எது யாருடையது என்று பிரிக்க வாரக்கணக்காகும். "அக்கா, என் பேரு ஹிட்டாயிடுச்சு. இனிமே பாடறதுதான் பாக்கி," என்று சிரித்தான். அவன் வேலை பார்த்த ஐஸ் ஆலையில் லீவு கிடைக்காததால் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்து அவளையே வாங்கி வரச் சொன்னான். அவளும் வாங்கினாள். போதையும் கத்தியும் வேறொரு ரொடேல் சாந்தோஸுடையவை, இவனுடையது பேட்டரித் திருட்டு மட்டும், தண்டனை முடிந்தது என்று முத்திரையோடு இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தபோது, அவன் கப்பலேறும் நாளில் முழுப் பன்றி சுட்டுத் தெருவுக்கே விருந்து வைக்கப்போவதாக அம்மா பேசிக்கொண்டிருந்தாள். இவளுக்குத் தைவான் தொழிற்சாலையில் வேலை வந்தபோது, "நீ போயிட்டா என்னை யாரு பாத்துப்பா?" என்று கேட்ட அதே அம்மா.

"இன்னும் ஹிட்டுதான்டா. வரலை," என்றாள் லியோனிடா.

ஒரு வாரம் தவிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். மூன்று வாரமாயிற்று. அவன் இடத்தில் வேறொருவன் கப்பலேறினான். ரொடேல் ஐஸ் ஆலைக்கே போய்க்கொண்டிருந்தான், சுடப்பட்ட நாள் வரை.

நாலு மணிக்கு ரேடியோ நிலையத்திலிருந்து ஒரு பெண் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா, மூணு வழக்கு இருக்குங்கறாங்க. போதைக்காரங்க சண்டைன்னு சொல்லிக் கேஸை மூடப் போறாங்களாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"என் பையன் பேட்டரி திருடினான். ஒண்ணே ஒண்ணு."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

"இல்லை. ஹிட்டுன்னு நிறுத்தி வெச்சுட்டாங்க."

பந்தலில் சீட்டுச் சத்தம் நின்றிருந்தது. இஸ்கோ உள்ளே வந்து, "குஞ்சை நான் எடுத்துடறேன், பெரியம்மா. ஊரே சிரிக்குது," என்று கையை நீட்டினார். அம்மா குஞ்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"அவளைக் கேளுங்க," என்றாள் ரேடியோப் பெண்ணிடம். "நான் அவனுக்காகப் பொய் சொல்லுவேன். என் பொண்ணு சொல்ல மாட்டா. இந்த வீட்டுல நேரா நடந்தது அவ ஒருத்திதான்."

இந்த ஒரு வார்த்தைக்காக லியோனிடா எத்தனை வால் தின்றிருப்பாள். அதையும் அவன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் அது அவளுக்கே சொந்தம், பங்கு கேட்க அவன் வரப்போவதில்லை. அம்மாவின் விரல்களுக்கு நடுவே குஞ்சு தலையை நீட்டிக் கத்தியது.

அவள் பையைத் திறந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ரேடியோப் பெண் அதைச் சத்தமாகப் படித்தாள், படம் எடுத்தாள். "அஞ்சு மணிச் செய்தியில இதைச் சொல்லிடறேன்," என்றாள். பிறகு மறுபடி பார்த்து, "இதை மூணு வாரம் முன்னாடியே கொடுத்திருக்காங்களே," என்றாள்.

இஸ்கோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். அம்மா காகிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

காகிதத்தைப் பெட்டி மேல் விரித்து வைத்துவிட்டு, கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளினாள். லியோனிடாவின் உள்ளங்கையை விரித்து அதில் போட்டாள்.

"நீயே கொடு," என்றாள்.

லியோனிடா கையைக் கண்ணாடி மேல் வைத்தாள். குஞ்சு ஓடி வந்து கொத்தத் தொடங்கியது. அரிசி தீர்ந்த பிறகும் கொத்திக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.